கார் ஹீட் ஆனால் என்ன செய்வது, ஆகாமல் இருக்க என்ன செய்வது

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் மெக்கானிக் ஷெட்களில் பானெட்டைத் திறந்துபோட்டபடி நிற்கும் வண்டிகள் அதிகமாகிவிடும். பெரும்பாலும் கதை ஒன்றுதான். பிப்ரவரியிலேயே கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கொஞ்சம் குறைந்திருந்தது, ஓனர் கையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார், மார்ச்சில் மறுபடி குறைந்தது, மறுபடி ஊற்றினார், மே மாதம் சென்னை ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் ஏசியோடு நிற்கும்போது ஆவி கிளம்பிவிட்டது. ஏதோ வெயில் கொடுமை என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள். வெயில் கடைசி நாளில் வந்து சேர்ந்ததுதான், வண்டி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

கூலண்ட் பெட்ரோல் போலச் செலவாகிற பொருள் இல்லை. மூடிய சுற்றுக்குள் இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சுற்றிக்கொண்டே இருப்பது. வருடக்கணக்கில் ஒரு விரல்கடை குறைந்தால் விட்டுவிடலாம், மாதாமாதம் குறைகிறது என்றால் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்னால் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

முதலில் இப்போதே டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கு. (ஓட்டிக்கொண்டே படிக்க வேண்டாம்.)

முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறுகிறது, ஆனால் சிவப்பைத் தொடவில்லை, ஆவியும் இல்லை என்றால் உடனே ஏசியை அணைத்து, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் வையுங்கள். மே மாதத்தில் ஹீட்டரா என்று தோன்றும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் உண்மையில் ஒரு குட்டி ரேடியேட்டர், இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை இழுத்து உங்கள் முகத்தில் ஊதும். உங்களுக்குக் கால் வேகும், இன்ஜின் பிழைக்கும். சிக்னலில் நிற்கிறீர்கள் என்றால் நியூட்ரலில் போட்டு லேசாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள், வாட்டர் பம்ப் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். இரண்டு நிமிடத்தில் முள் இறங்கவில்லை, அல்லது சிவப்பு விளக்கு வந்துவிட்டது, அல்லது பானெட் இடுக்கில் ஆவி தெரிகிறது என்றால் பேச்சே இல்லை, ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டியதுதான். "அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டிய அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் பலருக்கு ஹெட் (இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்) போயிருக்கிறது.

இன்னொன்று. முள் சிவப்புக்குப் போய்விட்டுத் திடீரென்று தானாகக் கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலண்ட் மொத்தமும் வெளியே கொட்டிவிட்டால் அது வெறும் காற்றில் நின்றுகொண்டு எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருக்கும். பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நீல விளக்கு வந்து சற்று நேரத்தில் அணையும், ஹீட் ஆனால் அதே சின்னம் சிவப்பில் வரும். நடுவில் முள் மாதிரிப் படிப்படியான எச்சரிக்கை கிடையாது. அந்தச் சிவப்பைப் பார்த்தால் அப்போதே நிறுத்த வேண்டும்.

நிறுத்தியாகிவிட்டது. இனி மூடியில் கை வைக்காதீர்கள். ரேடியேட்டர் ஒரு பிரஷர் குக்கர். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை சாதாரணமாக 107 டிகிரி வாக்கில் கொதிக்கும், ஆனால் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் 120 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் திரவமாகவே இருக்கும். மூடியைத் திருகிய அடுத்த நொடி அழுத்தம் போய்விடுகிறது, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் அவரையே திறக்கச் சொல்லுங்கள், இல்லை, அவரையும் தடுத்துவிடுங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆகட்டும். ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர் ஹோஸைக் கையால் தொட்டுப் பிடிக்க முடிகிறது, அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறது என்றால்தான் திறக்கலாம். இதற்கிடையில் ஃபேன் பக்கம் கையை விடாதீர்கள், இன்ஜின் அணைந்திருந்தாலும் சில வண்டிகளில் அது தானாகச் சுற்றத் தொடங்கும். ஆறுவதற்குள் குளிர்ந்த தண்ணீரை உள்ளே ஊற்றுவதும் இன்ஜின் மேலே ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். சூடான உலோகத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

ஆறிய பிறகு சாதாரணத் தண்ணீர் ஊற்றி அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போவதில் தப்பில்லை, நடுரோட்டில் வேறு என்ன செய்ய முடியும். ஆனால் அதை அப்படியே விட்டுவிடாமல் ஒரு வாரத்துக்குள் வடித்துவிட்டுச் சரியான கலவையை ஊற்றிவிடுங்கள்.

சரி, இந்த நிலைமைக்கு வராமல் இருக்க என்ன செய்யலாம்?

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியை எடுப்பதற்கு முன், இன்ஜின் பச்சென்று குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறங்கள். கூலண்ட் டப்பாவின் பக்கவாட்டில் இரண்டு கோடுகள் இருக்கும், மட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இங்கே பலர் ஏமாறுகிற ஒரு இடம் உண்டு. சில வண்டிகளில் அழுத்த மூடி அந்த டப்பாவின் மேலேயே இருக்கும். வேறு சில வண்டிகளில் மூடி ரேடியேட்டரின் தலையில் தனியாக இருக்கும், பக்கத்தில் உள்ள டப்பா வெறும் வழிகிற தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆறியதும் திருப்பித் தருகிற பாத்திரம். இந்த இரண்டாவது வகையில் மூடியின் ரப்பர் கெட்டுப்போனால் டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். டப்பாவை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். ஆகவே குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியையே திறந்து, கழுத்து வரை கூலண்ட் நிற்கிறதா என்று பாருங்கள்.

மூடி கையில் இருக்கும்போதே அதைத் திருப்பிப் பாருங்கள். மேலே 0.9 அல்லது 1.1 என்பது போல ஒரு எண் அச்சாகியிருக்கும், அதுதான் அது தாங்குகிற அழுத்தம். அடியில் ஸ்பிரிங்கின் முனையில் ரப்பர் வளையம் இருக்கும். அது மிருதுவாக, வட்டமாக, வெடிப்பில்லாமல் இருந்தால் நல்லது. கல் போல இறுகி, கழுத்தின் விளிம்பு அதில் ஆழமாகப் பதிந்து கோடு விழுந்திருந்தால் மூடியை மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் சமாசாரம். ஆனால் அதே எண்ணுள்ள மூடிதான் வாங்க வேண்டும், எண் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று வாங்கினால் பழைய ஹோஸ் பிய்த்துக்கொள்ளும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோடு தெரியாமல் இருக்காது, புது மூடி, தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துக் கூலண்டின் வழியைத் திறந்து மூடும் வால்வு), ஹோஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய பார்ட்ஸ் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன், கதவு, லைட், பம்பருக்கு அதுதான் லாபம். மூடி, ஹோஸ், வாட்டர் பம்ப் மூன்றையும் மட்டும் அங்கே வாங்காதீர்கள்.

அப்புறம் ஹோஸ்கள். கிளாம்ப் போட்டிருக்கும் இரண்டு முனைகளிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தாலோ, அழுத்தும்போது உள்ளே நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தாலோ, வயிறு மாதிரி உப்பியிருந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. இணைப்புகளைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொறுக்குத் தட்டியிருக்கிறதா பாருங்கள். சொட்டுவது கண்ணில் படாது, சூட்டில் காய்ந்துவிடும், அதன் தடம் மட்டும் நிற்கும். ரேடியேட்டரின் மேலும் கீழும் அல்லது இரு பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை, முன்சீட்டின் கால்மிதிக்குக் கீழே ஈரம், இவையும் பார்க்க வேண்டிய இடங்கள். கால்மிதி ஈரமாக, தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தால் ஹீட்டர் கோர், அதாவது முன்னே சொன்ன அந்தக் குட்டி ரேடியேட்டர், ஒழுகுகிறது. பிசுபிசுப்பில்லாத வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏசி வடிகுழாய் அடைப்பு, பயப்பட வேண்டாம். வெளியே கேஸ் கிட் போட்ட வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு இடத்தைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்: கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசருக்குச் சூடான கூலண்ட் வேண்டும் என்பதற்காக ஹீட்டர் ஹோஸை அறுத்து நடுவில் டி இணைப்பு வைத்திருப்பார்கள். ஒழுகல் அங்கே அடிக்கடி வரும்.

எப்போது ஹீட் ஆகிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் கோளாறு தெரிந்துவிடும். மெக்கானிக்கிடம் "ஹீட் ஆகுது" என்று மட்டும் சொல்லாமல் எப்போது என்று சொல்லுங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏறுகிறது, ஹைவேயில் ஓடினால் இறங்கிவிடுகிறது என்றால் ஃபேன் பக்கம் பாருங்கள்: ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார். ஓடும்போது காற்று தானாக அடிக்கிறது, நிற்கும்போது ஃபேன்தானே கதி. இதற்கு முந்தைய அறிகுறி ஒன்று உண்டு, அதை ஏசிதான் சொல்லும். ஓடும்போது ஜில்லென்று இருந்து சிக்னலில் நின்றால் குளிர்ச்சி குறைகிறது என்றால் கேஸ் நிரப்பச் சொல்வதற்கு முன் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், நிறைய வண்டிகளில் ஏசிக்கும் ரேடியேட்டருக்கும் அதே ஃபேன்தான். இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒன்றும் இல்லை, ஹைவேயில் 90, 100 போனால் ஏறுகிறது என்றால் ரேடியேட்டரில் உள்ளடைப்பு, அல்லது பம்ப் போதுமான அளவு தள்ளவில்லை. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே விறுவிறுவென ஏறுகிறது, ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே கிடக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டிருக்கலாம். ஏசி போட்டால் மட்டும் ஏறுகிறது என்றால் முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரையும் ரேடியேட்டரையும் தூசு அடைத்திருக்கும்.

அந்தத் தூசைக் கழுவுவது சுலபம், ஆனால் வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன்னை நேராகப் பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துவிடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது செடிக்குத் தண்ணீர் விடுகிற சாதாரண டியூப் போதும். முடிந்தால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள், பூச்சியும் வைக்கோல் தூசும் வந்த வழியே போகும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அறுவடை நேரத்தில் போகிறவர்கள் கொள்ளோ கேழ்வரகோ தாளோடு ரோட்டில் பரப்பிப்போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் ஏற்றிவிட்டால் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். ஆக்சிலில் சுற்றிக்கொள்வது ஒரு பக்கம், சைலன்சரின் சூடான பகுதியில் ஒட்டித் தீப்பிடிப்பது இன்னொரு பக்கம்.

இனி கூலண்ட் எது வாங்குவது. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு எல்லாம் கம்பெனி ஊற்றும் சாயம், எல்லோருக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் துருத் தடுப்பு மருந்துகள்தான் வேறுபடுகின்றன, வெவ்வேறு வகைகளைக் கலந்தால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கும், சிலது சேறு மாதிரி திரிந்தும் போகும். மேனுவலில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். பழைய வகைகளுக்கு இரண்டு வருடம் வாக்கில், நீண்டகால வகைகளுக்கு ஐந்து வருடம் வாக்கில் வரும். கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும், ஒன்று அப்படியே ஊற்றும் ரெடிமிக்ஸ், மற்றது தண்ணீர் சேர்க்க வேண்டிய கெட்டிக் கூலண்ட். ரெடிமிக்ஸில் மேலும் தண்ணீர் விடாதீர்கள். கெட்டியை அப்படியே ஊற்றினால் நல்லதென்று நினைக்கவும் வேண்டாம், சூட்டை வாங்கிக்கொண்டு போவதில் தண்ணீர்தான் கெட்டிக்காரத்தனமானது, சுத்தக் கூலண்ட் அந்த வேலையில் மந்தம். பாதிக்குப் பாதி சரி.

சேர்க்கும் தண்ணீர் எது என்பதில்தான் நம் ஊரில் கோட்டை விடுகிறோம். போர் தண்ணீர் ஊற்றக் கூடாது, சென்னைப் புறநகரில் எந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். பங்கிலும் பேட்டரி கடையிலும் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். வடித்த பழைய கூலண்டைத் தெருவிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், தெரு நாயோ பூனையோ நக்கினால் கொஞ்சமே போதும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

மாற்றிய பிறகு செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஏர்லாக் எடுப்பது. உள்ளே காற்று சிக்கியிருந்தால் புதுக் கூலண்ட் ஊற்றிய மறுநாளே ஹீட் ஆகும். முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி வண்டியை நிறுத்தி, குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து ஐடிலில் விடுங்கள். குமிழ் குமிழாக வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென்று ஒரு முறை உள்வாங்கும், ரேடியேட்டர் ஹோஸ் சூடாகும். குமிழ் நின்று, ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்தால் காற்று போய்விட்டது, பொங்கி வருவதற்கு முன் மூடிவிடலாம். காற்று வெளியேற்றத் தனித் திருகு உள்ள வண்டிகளில் அதைத் திறந்தும் எடுப்பார்கள்.

இப்போது ஷெட்களில் நடக்கும் இரண்டு வைத்தியங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "நம்ம ஊரு வெயிலுக்கு அது தேவையில்ல சார்" என்பார்கள். இன்ஜினைச் சீக்கிரம் சூடாக விட்டு, பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 90 டிகிரிக்குள் திறந்து, அந்தச் சூட்டிலேயே நிற்க வைப்பதுதான் அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கே வராது, கம்ப்யூட்டர் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் விழும், தேய்மானம் கூடும். சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: வேண்டாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பை மூட்டினால் கொதிநிலைக்கு முன்பே நடுவட்டு மெல்ல விலகித் திறப்பது கண்ணுக்குத் தெரியும், ஆறினால் மூடிக்கொள்ளும். அசையாமல் கிடந்தால் புதியது போட வேண்டும், வெற்றிடமாக விடக் கூடாது. இரண்டாவது, ஃபேனுக்கு டைரக்ட் வயர் இழுத்து சாவி போட்டதும் சுற்ற வைப்பது. வழியில் மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர இது நல்ல உபாயம்தான், நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் ஒயரை முறுக்கி டேப் ஒட்டிய வேலையை வருடக்கணக்கில் விட்டுவைத்தால் ஒரு நாள் அந்த ஒயரே எரியும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. முழு ஆளும் லக்கேஜும் ஏசியுமாகக் குறைந்த வேகத்தில் ஏறும்போது இன்ஜின் முழு மூச்சில் வேலை செய்கிறது, எதிர்க்காற்றோ கிடையாது. கியரை இறக்கிப் போட்டு, முக்கி முனகாமல் இன்ஜின் லேசாகச் சுற்றும்படி ஏறுங்கள், முள் அசைந்தால் ஏசியை நிறுத்துங்கள். மேலே போய் நின்றதும் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், டர்போ வண்டிக்கு இது கட்டாயம்.

கடைசியாக ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. எங்குமே ஒழுகல் இல்லை, ஆனாலும் கூலண்ட் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே ஹோஸ் கல் மாதிரி இறுகிவிடுகிறது. ஏர்லாக் எடுத்த பிறகும் டப்பாவில் குமிழ் விடாமல் வருகிறது. சைலன்சரில் இனிப்பு வாசனையோடு அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது. ஆயில் ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறது. இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து இருந்தால் கேஸ்கெட் போய்விட்டதோ என்று சந்தேகப்படலாம். ஊட்டி மாதிரிக் குளிரில் குறைந்த தூரமே ஓட்டுகிறவர்களுக்கு ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணுரை படிவது வெறும் ஈரமாகவும் இருக்கலாம், அதை வைத்து ஹெட்டை இறக்கிவிடாதீர்கள்.

ஹெட்டை இறக்கச் சம்மதிப்பதற்கு முன் இரண்டு சோதனைகள் கேளுங்கள். ஒன்று பிரஷர் டெஸ்ட், மூடியின் இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி மூடியின் அழுத்தம் அளவுக்கு ஏற்றிவிட்டு முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். முள் இறங்கினால் எங்கோ ஒழுகல், அந்த அழுத்தத்தில் மறைந்திருந்த சொட்டும் வெளியே வரும். இன்னொன்று நீலத் திரவம் வைத்த குழாய்ச் சோதனை, இன்ஜின் ஓடும்போது கூலண்டின் மேலே வரும் காற்றில் எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இரண்டும் ஹெட்டை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். அலுமினிய ஹெட் ஒரு தரம் நன்றாக ஹீட் ஆனால் வளைந்திருக்கும், பல இன்ஜின்களில் அனுமதிக்கும் வளைவே 0.05 மில்லிமீட்டர் வாக்கில்தான், ஒரு சாதாரணத் தாளின் கனத்தில் பாதி. நேர்ச்சட்டமும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து உங்கள் கண்முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் லேத்தில் ஃபேசிங் (மட்டமாகச் சீவுவது), அதோடு விரிசல் இருக்கிறதா என்றும் சோதனை. ஹெட் போல்ட்டுகளில் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாத வகை உண்டு, அந்த வகை என்றால் புது செட் வாங்கிக் கொடுங்கள். ஹெட்டை இறுக்குவது இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், கம்பெனி சொன்ன வரிசையில் நடக்க வேண்டும், கை கணக்கில் அல்ல. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் ஆயிலும் ஃபில்டரும் உடனே மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி ஒரு தடவை மாற்றிவிடுங்கள், மூலைமுடுக்கில் தங்கியது அப்போதுதான் முழுசாக வெளியே வரும்.